மனநோய் மருந்தில் இருக்கும் பெண்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிறீர்களா? கண்டதையும் கையாண்டதையும் எழுதுங்கள்

செந்தூல், தையல் வகுப்பு

மனநோயிலிருந்து தேறி வரும் பெண்களுக்குப் பயிற்சி என்றதும் மெழுகுவர்த்தி, காகிதப் பூ, வாழ்த்து அட்டை என்று இறங்கிவிடுகிறார்கள். தர்மச் சந்தையில் நாலு பேர் இரக்கப்பட்டு வாங்குவார்கள், அதோடு சரி. அக்கம்பக்கத்தில் ஆட்கள் ஏற்கெனவே காசு கொடுத்துச் செய்துகொள்ளும் வேலை எது என்று முதலில் பாருங்கள். கோலாலம்பூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. சேலைக்கு ஃபால்ஸ் (அடி ஓரத்தில் உள்பக்கம் தைக்கும் பட்டைத் துணி) வைப்பது, பள்ளிச் சீருடைக்கு ஓரம் மடிப்பது, காற்சட்டை நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் தினமும் வருகிற வேலை.

ரவிக்கையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அளவு, வெட்டு, கைக்குழி வளைவு என்று பல விஷயத்தை ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்க வேண்டிய வேலை அது. ஸ்கிஸோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோயில், இல்லாத குரல் கேட்பது மருந்தில் அடங்கிய பிறகும், கவனமும் உடனடி ஞாபகமும் பலருக்குப் பின்தங்கியே இருக்கும். அதைச் சோம்பல் என்று நினைக்கிற ஆசிரியையிடம் யாரும் ஒரு மாதத்துக்கு மேல் தங்க மாட்டார்கள்.

ஃபால்ஸில் ஆரம்பிப்பது நல்லது. துணி ஏறக்குறைய 5 அங்குல அகலம், இரண்டரை மீட்டர் நீளம் இருக்கும். பருத்தியாக இருந்தால் முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதல் சலவையிலேயே ஃபால்ஸ் சுருங்கி, சேலையின் அடி சுருட்டிக்கொள்ளும். இரண்டு முனையையும் அரை அங்குலம் மடித்துத் தையுங்கள். சேலையின் உள்பக்கத்தில், இடுப்பில் சொருகும் முனையிலிருந்து ஒரு சாண் விட்டு, அடி ஓரத்துக்கு ஒரு நூல் உள்ளே தள்ளிக் குண்டூசி குத்துங்கள். அடி ஓரத்துக்கு மெஷின் தையல், மேல் ஓரத்துக்குக் கை ஹெம்மிங். பட்டுக்கு 11-ஆம் எண் மெஷின் ஊசி போதும். ஒவ்வொரு ஹெம்மிங் தையலும் சேலையில் ஓரிரு இழையை மட்டுமே பிடிக்க வேண்டும்.

சொல்லிக்கொடுக்கும்போது பின்னாலிருந்து வாருங்கள். எல்லாவற்றையும் நீங்களே முடித்து, கடைசி ஒரு முழ ஹெம்மிங்கை மட்டும் கற்றுக்கொள்பவரிடம் கொடுங்கள். முதல் நாளே முழுதாக முடிந்த சேலை ஒன்று அவர் கையில் இருக்கும். அடுத்த வாரம் ஹெம்மிங் முழுவதையும், அதற்கடுத்து மெஷின் தையலையும் கொடுக்கலாம். குண்டூசி குத்துவதும் முந்தி முனை எது என்று பார்ப்பதும் கடைசியில் வரட்டும். பெரும்பாலான தவறு முந்திப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதில்தான் நடக்கிறது, அதைப் பிரிக்க அரை மணி நேரம் போய்விடும். பிழை விட்டுப் பிரித்துக் கற்றுக்கொள் என்கிற பழைய பாணி இங்கே உதவாது. தவறாகச் செய்ததுதான் முதலில் மனதில் ஒட்டிக்கொள்கிறது.

ஜார்ஜ்டவுன், மறுவாழ்வுப் பிரிவு

தையல் அக்கா சொன்னதோடு மருந்துக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன மருந்து, எத்தனை மணிக்கு, ஊசி என்றால் எந்தத் தேதி?

ஓலன்ஸபின், குளோஸபின், குவேட்டியபின் மூன்றுமே தூக்கம் தரும். இரவு பதினொன்றுக்குப் போட்டவரைக் காலை எட்டு மணி வகுப்புக்கு வரச் சொன்னால் மெஷின் மேலேயே தலை சாயும். வகுப்பைப் பத்து மணிக்கு வையுங்கள். மருந்தை இன்னும் சீக்கிரம் போடலாமா என்பதை அவரே டாக்டரிடம் கேட்கட்டும். பயிற்சி தருகிறவர் நேரத்தை மாற்றச் சொல்லவே கூடாது.

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் எடுப்பவருக்கு விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் இருக்கும். மற்ற மருந்துகளால் வரும் விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் தரும் பென்ஸ்ஹெக்ஸால் எடுப்பவருக்குக் கிட்டப் பார்வை மங்கும். இருவருக்குமே ஊசியில் நூல் கோப்பதுதான் நரகம். நூல் கோக்கும் சின்னக் கம்பி ஒன்று சில காசுதான், வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சிலருக்குக் கால் ஒரு நிலையில் நிற்காது, உட்காரவும் முடியாது. பதற்றம் என்று அதட்டாதீர்கள், மருந்தின் விளைவாக இருக்கலாம். மிதியை அழுத்தும்போது மெஷின் திடீரென்று பாயும் என்பதால் வேகக் கட்டுப்பாட்டைக் குறைந்த அளவில் வையுங்கள், அது இல்லாத மெஷினில் கைச்சக்கரத்தால் சுற்றிப் பழக்குங்கள். அடுத்த கிளினிக் நாளில் கால் நிற்காததைச் சொல்லச் சொல்லுங்கள், மருந்தைச் சரிசெய்தால் குறையும்.

குளோஸபின் ஆரம்பித்தவருக்கு முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை உண்டு. அந்தக் கிழமையில் புதுப் பாடம் நடத்தாதீர்கள். அவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் பனடோல் கொடுத்து உட்காரவைக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம்.

பெண்கள் வாய் திறந்து சொல்லாத ஒன்றும் உண்டு. ரிஸ்பெரிடோன் போன்றவற்றில் மாதவிலக்கு நின்றுபோகும், சிலருக்கு மார்பில் பால் கசியும். கர்ப்பமோ என்று பயந்து மருந்தைத் தானாகவே நிறுத்திவிடுவார்கள். இதை ஒரு பெண் பயிற்றுநர் தனியாக, முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. உடம்பு பெருப்பதும் சகஜம், ஏப்ரன், சீருடையைப் பெரிய அளவிலும் வாங்கி வையுங்கள்.

பிறை, பலகாரத் தொழில்

சமையல் பக்கம் வருகிறேன். மருந்தில் இருப்பவரைக் காலையிலேயே எண்ணெய்ச் சட்டி முன் நிறுத்தாதீர்கள். அரைத் தூக்கம் ஆபத்து. சில மருந்துகளில் உடம்பு சூட்டைத் தாங்காது என்பதும் உண்டு. அவர்களுக்கு நிறுப்பது, பையில் போடுவது, சீல் வைப்பது, லேபிள் ஒட்டுவது சரியாக வரும். அதையும் அலட்சியமாக நினைக்காதீர்கள், முறுக்கு வியாபாரம் கெட்டுப்போவது அங்கேதான்.

முறுக்கு முழுசாக ஆறிய பிறகே பைக்குள் போக வேண்டும். வெதுவெதுப்பாகப் போட்டால் உள்ளே வியர்த்து மறுநாளே நமுத்துவிடும். தராசில் காலிப் பையை வைத்து, பூஜ்யம் அழுத்தி, 200 கிராம் வரும்வரை போட வேண்டும். பூஜ்யம் அழுத்த மறப்பதுதான் நிரந்தரப் பிரச்சினை, அந்தப் பொத்தான் மேல் சிவப்புப் புள்ளி ஒட்டிவையுங்கள். சீலர் சூட்டை ஒவ்வொரு நாளும் காலிப் பையில் சோதித்துப் பாருங்கள். சூடு குறைந்தால் இழுத்ததும் பிரியும், கூடினால் ஓரம் உருகி ஓட்டை விழும். பையின் வாயில் எண்ணெயோ துகளோ இருந்தால் எவ்வளவு சூடு வைத்தாலும் ஒட்டாது, துடைத்துவிட்டு வையுங்கள்.

உணவைக் கையாள்கிறவர் யாராக இருந்தாலும் மலேசியாவின் 2009 உணவுச் சுகாதார விதிகளின்படி உணவு கையாளுநர் பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் வேண்டும். இந்த இரண்டையும் முதல் மாதமே முடித்துவிட்டால், பின்னால் எந்த உணவுக் கடையிலும் அதே சான்றிதழைக் காட்டலாம்.

கோலாலம்பூர், வேலை வழிகாட்டி

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் பயிற்சியை ஒரு வருடம், இரண்டு வருடம் என்று இழுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் பயிற்சி, பிறகு வேலை என்பதைவிட, முதலில் வேலையில் சேர்த்து அங்கேயே பழக்குவது பலன் தருகிறது. ஆறு ஐரோப்பிய நாடுகளில் 312 பேரை வைத்துச் செய்து 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், அப்படிச் சேர்த்தவர்களில் 55 விழுக்காட்டினர் ஒரு நாளாவது வெளியில் சாதாரணச் சம்பள வேலை பார்த்தார்கள். பழைய முறைப் பயிற்சிக்குப் போனவர்களில் அது 28 விழுக்காடு. நம் சுகாதார அமைச்சின் மென்தாரி என்னும் சமூக மனநல மையங்களும் வேலையில் சேர்த்து, கூடவே நின்று ஆதரவு தருகின்றன. பக்கத்து மையத்தில் கேளுங்கள்.

சம்பளக் கணக்கு: 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளுக்கும் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), மணிக்கு 8 வெள்ளி 72 காசு. வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 104 வெள்ளி 64 காசு வர வேண்டும். "இன்னும் கத்துக்கிட்டுத்தானே இருக்கா" என்று மாதக்கணக்கில் சொற்பக் காசே கொடுக்கும் இடத்திலிருந்து ஆளை எடுத்துவிடுங்கள்.

ஓ.கே.யு. அட்டையில், அதாவது மாற்றுத்திறனாளி அட்டையில், மனநலம் தனிப் பிரிவு. குறைந்தது இரண்டு வருடம் மனநல சிகிச்சையில் இருந்திருக்க வேண்டும், பாரத்தில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். அட்டை உள்ளவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு அந்தச் சம்பளத்தில் கூடுதல் வரிக்கழிவு உண்டு, பேசும்போது அதைச் சொல்லுங்கள். அட்டை வேண்டாம் என்கிறவரை வற்புறுத்தாதீர்கள். கல்யாணப் பேச்சுக்குப் பயந்து பல குடும்பங்கள் மறுக்கும். "மாதத்தில் ஒரு நாள் கிளினிக், தேதி முன்கூட்டியே தெரியும்" என்பது மட்டும் முதலாளிக்குப் போதும், நோயின் பெயர் தேவையில்லை.

செந்தூல், தையல் வகுப்பு

வழிகாட்டி சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. நேராகத் தையல் கடையில் சேர்த்தால், ஃபால்ஸ்கூடத் தெரியாத ஆளைக் கடைக்காரர் கூட்டிப் பெருக்கத்தான் விடுவார். ஆறு வாரம் வகுப்பு, பிறகு கடை என்பது நடக்கக்கூடிய வழி.

இன்னொன்று, தீபாவளி. அதற்கு முந்தின மூன்று வாரம் கடைகளில் நள்ளிரவு வரை மெஷின் ஓடும். பைபோலார் (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதுதான் முதல் ஆபத்து. அசுர வேகத்தில் தைத்துக் குவிப்பார், எல்லாரும் பாராட்டுவார்கள், பிறகு வார்டில் இருப்பார். மாலை ஆறு மணிக்கு மேல் இல்லை என்று சேரும்போதே எழுதி வாங்குங்கள்.

ஜார்ஜ்டவுன், மறுவாழ்வுப் பிரிவு

தைப்பூசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பால்குடம் எடுக்க விரதம் இருக்கும்போது உப்பைக் குறைப்பார்கள், வெயிலில் நடப்பார்கள். லித்தியம் எடுப்பவருக்கு இரண்டுமே இரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும். விரதத்துக்கு முன்பே கிளினிக்கில் பேசச் சொல்லுங்கள். கைநடுக்கம் பெரிதாவது, வாந்தி, பேதி, நாக்குக் குழறல், தள்ளாட்டம் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நடந்த கால் வலிக்கு ஐபுபுரோஃபென் வாங்கிப் போடவும் கூடாது, அதுவும் லித்தியத்தை ஏற்றும்.

பிறை, பலகாரத் தொழில்

சம்பளம் பற்றி ஒரு வார்த்தை. பணத்தை அண்ணன் கையிலோ மாமியார் கையிலோ கொடுக்காதீர்கள். முதல் சம்பளத்துக்கு முன்பே அவர் பெயரில் பி.எஸ்.என். (தேசிய சேமிப்பு வங்கி) கணக்கு திறக்கச் செய்து, ஏ.டி.எம். அட்டையை அவரே வைத்துக்கொள்ளட்டும். பணம் எடுக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தால், முதல் இரண்டு மாதம் கூடப் போய் மெஷின் பக்கத்தில் நில்லுங்கள். ரகசிய எண்ணை அவரே அழுத்த வேண்டும். மறந்துவிட்டால் வங்கியில் போய் மாற்றிக்கொள்ளலாம். எண்ணைத் தாளில் எழுதி அட்டையோடு வைக்க விடாதீர்கள்.