சூழலில் எக்ஸ்அரே இருக்கிறது, ஸ்பைடர் இல்லை என்கிறது

மழைக்கணக்கு:
உபுண்டு மடிக்கணினி. மழை அளவுத் தரவுக்காக, பைத்தான் நூலகங்களைத் தனித்தனிச் சூழல்களாகப் பிரித்து வைக்கும் கோண்டாவில் 'மழை' என்று ஒரு சூழல் உருவாக்கி, எக்ஸ்அரே என்ற தரவு நூலகத்தை நிறுவினேன். டெர்மினலில் அந்தச் சூழலை ஆக்டிவேட் செய்து, அங்கேயே பைத்தானைத் திறந்து இம்போர்ட் செய்தால் ஒழுங்காக வருகிறது. அதே டெர்மினலில் ஸ்பைடர் (பைத்தான் நிரல் எழுதி ஓட்டும் செயலி) என்று அடித்து, திறக்கும் ஜன்னலில் அதே வரியை ஓட்டினால் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்'. இரண்டு முறை அழித்து நிறுவியாயிற்று. எங்கோ படித்து ஸ்பைடர் --ரீசெட் கூடப் போட்டேன். நான் வைத்திருந்த எழுத்துரு, கருப்பு தீம் எல்லாம் போனதுதான் மிச்சம்.

பழையமுனையம்:
ரீசெட் அழிப்பது ஸ்பைடரின் அமைப்புகளைத்தான். இந்த நோய்க்கு அது மருந்தில்லை. டெர்மினலில் 'விச் ஸ்பைடர்' அடியுங்கள், எங்கே இருக்கும் ஸ்பைடர் திறக்கிறது என்று தெரியும். அப்புறம் ஸ்பைடர் கன்சோலுக்குள், ஓடும் பைத்தான் எது என்று சொல்லும் சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் என்ன காட்டுகிறது?

மழைக்கணக்கு:
முதலாவது: /யூஎஸ்ஆர்/பின்/ஸ்பைடர்
இரண்டாவது: /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3

பழையமுனையம்:
அதுதான். எப்போதோ உபுண்டுவின் சொந்த நிறுவியான ஆப்ட் வழியாக ஒரு ஸ்பைடரை நிறுவி மறந்திருக்கிறீர்கள். சூழலை ஆக்டிவேட் செய்தால், கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலான பாத் வரிசையில், அந்தச் சூழலின் 'பின்' என்ற அடைவு முன்னால் வந்து நிற்கும், முக்கியமாக நடப்பது அதுதான். டெர்மினலில் அடிப்பதை வாங்கி ஓட்டும் ஷெல் முதலில் அங்கே ஸ்பைடரைத் தேடும். நீங்கள் அதை அங்கே நிறுவவே இல்லை. எனவே வரிசையில் அடுத்தடுத்துப் போய், /யூஎஸ்ஆர்/பின்னில் கிடைத்ததைத் திறந்துவிடும். அதுவோ சிஸ்டம் பைத்தானில் ஓடுவது. பிழைச்செய்தி ஒன்றும் வராது, கொடுமையே அதில்தான்.

இதற்காகச் சூழலுக்கு ஒரு ஸ்பைடர் நிறுவ வேண்டாம். ஜன்னல் வரைவதற்கான கியூட்டி நூலகங்கள் மூட்டையாகக் கூடவே இறங்கும். 'மழை'க்குள், ஸ்பைடரை அந்தச் சூழலின் பைத்தானோடு இணைக்கும் ஸ்பைடர்-கெர்னல்ஸ் மட்டும் போதும். பிறகு ஸ்பைடரில் டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ், பைத்தான் இன்டர்ப்ரெட்டர் என்று போய், 'மழை'யின் பைத்தான் கோப்பைக் காட்டுங்கள். திறந்திருக்கும் கன்சோல் பழைய பைத்தானிலேயே இருக்கும், புதுக் கன்சோல் திறங்கள்.

மழைக்கணக்கு:
செய்தேன். புதுக் கன்சோலில் நீளமாக ஒரு செய்தி, ஸ்பைடர்-கெர்னல்ஸ் இல்லையாம். கோண்டா லிஸ்ட்டில் 3.0 கண்ணெதிரே இருக்கிறதே!

அருவிக்கரை:
குறுக்கிடுகிறேன். அந்தச் செய்தியைக் கடைசிவரை படியுங்கள், எந்தப் பதிப்பு வேண்டும் என்று அதுவே சொல்லும். உங்கள் ஸ்பைடர் 5.5 ஆக இருக்க வேண்டும். அதற்கு 2.5 வரிசை கெர்னல்ஸ்தான் சேரும், 3.0 என்பது ஸ்பைடர் 6.0-க்கு. பதிப்பு சொல்லாமல் நிறுவியிருப்பீர்கள், புதியது வந்துவிட்டது. 'ஸ்பைடர்-கெர்னல்ஸ்=2.5.*' என்று மேற்கோளுக்குள் கொடுங்கள். மேற்கோளை விட்டால் சில ஷெல்கள் நட்சத்திரத்தைப் பார்த்ததும் கோப்புத் தேடக் கிளம்பிவிடும்.

மழைக்கணக்கு:
ஓடுகிறது! எக்ஸ்அரே வந்துவிட்டது. இன்னொன்று மட்டும்: டெர்மினலை மூடினால் ஸ்பைடரும் கூடவே போய்விடுகிறதே?

பழையமுனையம்:
ஸ்பைடர் என்பதற்குப் பின்னால் & போட்டுத் திறங்கள், அடுத்த வரியில் டிஸ்ஓன் என்று அடித்தால் டெர்மினலிலிருந்து அது விடுபட்டுவிடும். இன்னொரு விஷயம்: ஒரு ஸ்பைடர் திறந்திருக்கும்போது மறுபடி ஸ்பைடர் என்று அடித்தால் இரண்டாவது ஜன்னல் வராது, ஏற்கெனவே ஓடுகிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். தனியாக வேண்டுமென்றால் --நியூ-இன்ஸ்டன்ஸ் சேர்க்க வேண்டும்.

மழைக்கணக்கு:
சரி அண்ணா, இரண்டும் வேலை செய்கின்றன. கருப்பு தீமைத்தான் இனி மறுபடி தேட வேண்டும்.