ஜியாலஜி முதலாண்டுக்குக் கனடாப் பாடநூல்: சேர்வராயன் பாறைகளை வைத்து மாற்றி எழுதலாமா?

திருமணிமுத்தாறு கேட்டது:

வணக்கம். சேலத்தில் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, பி.எஸ்சி. ஜியாலஜி முதலாண்டு, பொதுப் புவியமைப்பியல் தாள். பாடத்திட்டத்தில் போட்டிருக்கும் புத்தகங்களின் விலைக்கு மாணவர்கள் வாங்க மாட்டார்கள். நூலகத்தில் இரண்டொரு பிரதி. கையில் சுற்றுவதெல்லாம் சீனியர்களின் ஜெராக்ஸ் நோட்ஸ். அதில் பாறைப் படம் எது, மை கொட்டினது எது என்றே தெரியாது.

கனடாவின் பிசிகேம்பஸ் அமைப்பு வெளியிட்ட ஸ்டீவன் ஏர்லின் ‘ஃபிசிக்கல் ஜியாலஜி’ இரண்டாம் பதிப்பு (2019) இலவசமாகக் கிடைக்கிறது. நடை எளிது, படங்கள் பளிச். ஆனால் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். கன்னங்குறிச்சிப் பையன் வாசலுக்கு வந்தால் சேர்வராயன் மலை நிற்கிறது. அவன் எதற்கு ராக்கி மலையை வைத்துச் சிதைவுறுதல் படிக்க வேண்டும்?

இதை வெட்டி, நம் ஊர்ப் பாறைகளைச் சேர்த்து, தமிழிலும் கொடுக்க யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? பாடத்திட்டத்தில் பெயரில்லாத புத்தகத்தை வகுப்பில் வைத்தால் ஆட்சேபம் வருமா? வேலையை எங்கே தொடங்குவது? ஜூனில் வகுப்பு.

அலமாரி 550:

அனுமதி வேண்டியதில்லை. அது சிசி பை 4.0 (கிரியேட்டிவ் காமன்ஸ், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்கிற) உரிமம். படியெடுக்க, மாற்ற, மொழிபெயர்க்க, விற்கக்கூட உரிமை முன்னாலேயே கொடுத்தாயிற்று. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கவும் முடியாது. பதிலுக்கு ஆசிரியர் பெயர், மூலத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயரும் இணைப்பும், நீங்கள் மாற்றியது என்ன என்ற குறிப்பு, இவ்வளவும் இருக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது கடைசியில் சொன்னதை. இப்படி எழுதினால் போதும்:

“இந்த இயல், ஸ்டீவன் ஏர்லின் ‘ஃபிசிக்கல் ஜியாலஜி’ இரண்டாம் பதிப்பு (பிசிகேம்பஸ், 2019, சிசி பை 4.0), 5-ஆம் இயலைத் தழுவியது. கனடா எடுத்துக்காட்டுகள் நீக்கப்பட்டு, சேலம் மாவட்ட எடுத்துக்காட்டுகளும் பயிற்சிகளும் சேர்க்கப்பட்டுள்ளன. மூல ஆசிரியர் இப்பதிப்பைச் சரிபார்க்கவில்லை.”

டவுன்லோடு செய்யும்போது ஒரு வம்பு உண்டு. அதே தலைப்பில் சஸ்காட்செவன் பல்கலைக்கழகப் பதிப்பு இருக்கிறது. ஏர்லின் நூலைத் தழுவி கார்லா பஞ்சுக் செய்தது. அதன் உரிமம் சிசி பை-என்சி-எஸ்ஏ (என்சி என்றால் வணிகத்துக்கு ஆகாது, எஸ்ஏ என்றால் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் விட வேண்டும்). தேடினால் இரண்டும் கலந்து வரும். அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்துக் கலந்தாலும் உங்கள் இயலும் அந்த உரிமத்துக்குப் போய்விடும். பிறகு தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து எதையும் சேர்க்க முடியாது. விக்கிப்பீடியா பை-எஸ்ஏ, இரண்டுமே “என் உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்” என்று பிடிவாதம் பிடிப்பவை. ‘என்டி’ (மாற்றியதை வெளியிடக் கூடாது) என்று முடிகிற உரிமம் என்றால் தொடவே வேண்டாம். மொழிபெயர்த்து வெளியிட அது இடம் தராது.

படங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். புத்தகம் சிசி பை என்பதால் உள்ளே இருக்கும் எல்லாப் படமும் சிசி பை ஆகிவிடாது. படங்களின் உரிமக் குறிப்புகளைப் பகுதிவாரியாகக் கொடுத்திருக்கிறார்கள். ‘அனுமதியுடன்’ என்று இருந்தால் அந்த அனுமதி அவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

இன்னொன்று, கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17(சி) பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர். நீங்கள் புதிதாகச் சேர்க்கும் பகுதியைத் திறந்த உரிமத்தில் விட “ஆட்சேபணை இல்லை” என்று இரண்டு வரி வாங்கிக் கோப்பில் வையுங்கள். பிறகு துறைத்தலைவர் மாறினாலும் தலைவலி இராது.

பாடத்திட்டம்: இணைப்புக் கல்லூரியில் பாடநூல் பட்டியலை நீங்கள் மாற்ற முடியாது, அது பாடத்திட்டக் குழுவின் வேலை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்கள் குழுவிலேயே வைத்துவிடலாம். ஆனால் வகுப்பில் கூடுதலாக என்ன கொடுக்கிறீர்கள் என்பதை யாரும் தடுப்பதில்லை. மேற்கோள் நூல், இணைய வளம் என்ற வரிசைகள் அதற்குத்தான். ஐந்து அலகையும் இடப்பக்கம் எழுதி, எதிரே இயல், பகுதி எண் போட்டு ஒரு பக்க அட்டவணை செய்து துறைக் கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். அதோடு பழைய வினாத்தாள்களையும் வைத்துப் பாருங்கள். வினா எடுப்பவர் வெளியாள்; பட்டியலில் உள்ள புத்தகத்தின் வகைப்பாட்டைத்தான் கேட்பார். அது ஏர்லில் இல்லையென்றால் அந்த இடத்தை நீங்களே எழுதி நிரப்ப வேண்டும்.

சூரமங்கலம் ஷட்டில்:

இவ்வளவு சுற்று எதுக்கு சார்? அதே பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு இருக்கிறதே. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில், பாடத்துக்காக நகல் எடுப்பது மீறல் இல்லை என்று 2016-லேயே தீர்ப்பு வந்தாச்சு. நல்ல புத்தகமாப் பார்த்து, வேண்டிய பக்கத்தை நகல் போட்டு வகுப்பில் கொடுத்துட்டுப் போகலாம்.

அலமாரி 550:

வகுப்பில் கொடுக்கலாம், உண்மை. 52(1)(ஐ) கற்பித்தலுக்காகப் படியெடுப்பதைக் காப்பாற்றும். அதை மாற்றி எழுதி, உங்கள் பெயரில் இணையத்தில் ஏற்றி, தர்மபுரிக் கல்லூரியும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் உரிமையை அது தராது. திருமணிமுத்தாறு கேட்பது அதைத்தான்.

கஞ்சமலை:

உரிமம் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். உள்ளடக்கத்துக்கு வருகிறேன்.

22 இயலையும் மொழிபெயர்க்கக் கிளம்பாதீர்கள். இந்த மாதிரி முயற்சிகள் பெரும்பாலும் மூன்றாம் இயலில் படுத்துவிடுவது அதனால்தான். முதல் பருவத்துக்கு 5 (சிதைவுறுதலும் மண்ணும்), 7 (உருமாற்றம்), 15 (சரிவுகள்) போதும். நேரம் இருந்தால் 20 (கனிம வளம்). மற்றவற்றுக்கு ஆங்கில மூலத்தின் இணைப்பைக் கொடுங்கள். இந்த மூன்றிலும் எடுத்துக்காட்டுப் பெட்டிகளையும் பயிற்சிகளையும் முதலில் மாற்றுங்கள், விளக்கப் பத்திகளைப் பிறகு தமிழாக்கலாம்.

5-ஆம் இயலுக்குச் சேலம் அள்ளிக் கொடுக்கிறது. சேர்வராயன் உச்சிப் பீடபூமியில் சார்னோக்கைட்டின் (அந்த மலையின் கருமையான பாறை) மேல் தொப்பி மாதிரி பாக்சைட் (அலுமினியத் தாது). பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் கனிமம் முதலில் களிமண்ணாகி, நல்ல மழையும் தண்ணீர் தேங்காத வடிகாலும் இருக்கிற இடத்தில் சிலிக்காவும் கரைந்து வெளியேறிவிட, அலுமினியம் மட்டும் தங்குகிறது. அதே பாறை அடிவாரத்தில் ஏன் பாக்சைட் ஆகவில்லை என்று கேட்டு ஒரு பயிற்சி வையுங்கள்; மழை, சரிவு, வடிகால் மூன்றும் பதிலில் வந்தாக வேண்டும்.

மேக்னசைட்டை (மெக்னீசியம் கார்பனேட் கனிமம்) இதே இயலில் கொண்டுவரலாம். சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்காரர்கள் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்த குன்றுகளில், டியூனைட்டுக்குள் (பெரும்பாலும் ஆலிவின் கனிமத்தால் ஆன பாறை) மேக்னசைட்டின் வெள்ளை நரம்புகள் வலையாக ஓடுகின்றன. ஆலிவினில் உள்ள மெக்னீசியத்தோடு கரியமில வாயு கரைந்த நீர் சேர்ந்து மேக்னசைட்டும் சிலிக்காவும் உண்டாகின்றன. செய்முறை: மேக்னசைட் துண்டு ஒன்று, கால்சைட் துண்டு ஒன்று, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒவ்வொரு சொட்டு. கால்சைட் உடனே நுரைக்கும். மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் ஏறக்குறைய சும்மா இருக்கும். பொடித்து, அமிலத்தைச் சூடாக்கினால்தான் பொங்கும். பழைய துண்டின் மேல் சுண்ணப் படலம் ஒட்டியிருந்தால் அதுவும் நுரைத்து ஏமாற்றும், அதனால் புதிதாக உடைத்த முகத்தில்தான் சொட்டு விட வேண்டும். இதைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள்.

15-இல் கனடாவின் ஃபிராங்க் சரிவை (1903) நீக்க வேண்டாம். அது பாறையே பெயர்ந்து விழுந்தது. ஏற்காடு மலைப்பாதையில் கனமழைக்குச் சரிவது பெரும்பாலும் சார்னோக்கைட்டின் மேல் மக்கிக் கிடக்கும் மண்ணும் உருண்டைக் கற்களும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வகைப்பாடு மனதில் நிற்கும். உள்ளூர் எடுத்துக்காட்டு என்றாலே மேல் என்று நினைக்கக் கூடாது.

20-க்குச் சேலத்தின் கஞ்சமலைக் குன்றில் உள்ள மேக்னடைட் குவார்ட்சைட் (இரும்புத் தாதுப் பாறை). அடிவாரத்திலேயே ஸ்டீல் பிளாண்ட் இருந்தும் அந்தத் தாதுவை உருக்குவதில்லை. அங்கே வேலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். தாது என்பது வேறு, கட்டுப்படியாகும் தாது என்பது வேறு என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் மாவட்டத்தில் கிடையாது.

படங்களுக்குப் பழைய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவன மெமாயர்களை (ஆய்வுத் தொகுதிகளை) தேடுங்கள். சேலம் பகுதி பற்றி கிங்கும் ஃபுட்டும் எழுதியது 1864, சார்னோக்கைட் பற்றி ஹாலண்ட் எழுதியது 1900. அரசு வெளியீடுகளுக்குப் பதிப்புரிமை 60 ஆண்டு, எனவே இரண்டும் பொதுவில் வந்துவிட்டன. அதே நிறுவனத்தின் இன்றைய வரைபடங்களை அப்படி எடுக்காதீர்கள். பார்த்து டிரேஸ் எடுப்பதும் தழுவல்தான். இருப்பிட வரைபடத்துக்குக் கூகுள் எர்த் ஸ்க்ரீன்ஷாட்டும் ஆகாது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவை எடுத்து, ‘ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று கீழே போட்டு வரையுங்கள்.

ஏற்காடு 20-ஆம் வளைவு:

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு: மேக்னசைட் குவாரி குத்தகை நிலம், கேட்டுக்கொண்டுதான் நுழையணும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் சுத்தியலைத் தூக்காதீங்க. மலைப்பாதையில் சாலைக்கு வெட்டிய முகங்களே படத்துக்குப் போதும், வளைவில் மட்டும் நிற்க வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் அளவுக்கு ஒரு சுத்தியலோ ஸ்கேலோ இருக்கணும். மாணவர் எடுத்த படம் என்றால் “சிசி பை-யில் வெளியிடச் சம்மதம்” என்று அவரிடமே எழுதி வாங்கிடுங்க.

உயிர்மெய்:

கோப்பு வேலை. பிசிகேம்பஸ் தளத்தில் அந்தப் புத்தகத்தை இபப் (மின்னூல்) வடிவத்தில் எடுத்து, பேண்டாக் என்ற கோப்பு மாற்றி கொண்டு ஓடிடி (லிப்ரேஆபிஸ் ஆவணம்) ஆக்கி, லிப்ரேஆபிஸில் திருத்துங்கள். பிடிஎஃப்-ஐ வேர்டாக மாற்றும் வழிக்குப் போகவே போகாதீர்கள். வரிக்கு வரி என்டர் விழுந்து, அட்டவணை சிதறி, அதைச் சரிசெய்வதற்குப் புதிதாகத் தட்டச்சு செய்துவிடலாம். லிப்ரேஆபிஸ் பழக்கம் இல்லையென்றால் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலிலேயே பாடம் இருக்கிறது.

துறையில் பழைய தமிழ் நோட்ஸ் பாமினியில் (யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு) இருக்கும். அதை அப்படியே ஒட்டி எழுத்துருவை மட்டும் மாற்றினால் ஆங்கிலக் குப்பையாக வரும். என்எச்எம் கன்வர்ட்டரில் யூனிகோடு ஆக்கிவிட்டு ஒட்டுங்கள். ஆங்கிலமும் தமிழும் கலந்த பத்தியை முழுசாகப் போட்டால் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாகத் திரிந்துவிடும். அந்தச் சொற்களைத் தனியே பிரித்துவிட்டுப் போடவும். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ். அதுவும் திறந்த உரிமம்தான்.

தமிழ் பிடிஎஃப்-இல் தேடலும் காப்பியும் பல நேரம் ஒழுங்காக வராது. கொம்பு, கால் எல்லாம் இடம் மாறி விழும். அதனால் பிடிஎஃப் மட்டும் தராமல் ஓடிடி-யும் இபப்-பும் சேர்த்துத் தாருங்கள். அடுத்தவர் திருத்தவும் அதுதான் வழி. வாட்ஸ்அப்பில் அனுப்ப இயல் இயலாகப் பிரித்து, படங்களை 150 டிபிஐ-க்குக் குறைக்கலாம். அச்சுக்கு 300 தனியாக வைத்திருங்கள்.

முடித்ததை ஏற்றி வைக்க ஜெனோடோ என்ற திறந்த இணையக் களஞ்சியம். டிஓஐ (நிலையான அடையாள) எண் கிடைக்கும், திருத்திய பதிப்பை ஏற்றினால் பழையதும் இருக்கும். கூகுள் டிரைவ் வேண்டாம். கணக்கு மூடினால் இணைப்பும் போய்விடும்.

திருமணிமுத்தாறு:

அனைவருக்கும் மிக்க நன்றி. 5, 15 இரண்டையும் முதலில் எடுக்கிறேன், 7 தீபாவளிக்குப் பிறகு. மீதி ஒரு சந்தேகம்: பாதி மாணவர்கள் அச்சில்தான் கேட்பார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் லாபம் வைத்துத்தானே போடுவார், அது உரிமத்தில் இடிக்குமா?

அலமாரி 550:

உங்கள் நூல் சிசி பை, அவர் தாராளமாக லாபம் வைக்கலாம். என்சி உரிமம் என்றால்தான் அந்தக் கேள்வி வரும். அதிலும் பள்ளிக்காகக் கடை நகல் எடுத்துக் கொடுத்தது உரிமத்தை மீறியது ஆகாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 2018-லும் 2019-லும் சொல்லியிருக்கின்றன. அது அந்த நாட்டுத் தீர்ப்பு.

கஞ்சமலை:

ஜெராக்ஸ் என்றதும் நினைவு வந்தது. 7-ஆம் இயலில் சார்னோக்கைட்டின் நுண்ணோக்கிப் படம் வைப்பீர்கள். ஹைப்பர்ஸ்தீன் கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுவதுதான் அதில் பார்க்க வேண்டியதே, கறுப்பு வெள்ளை நகலில் இரண்டும் ஒரே சாம்பல். அச்சுப் பிரதிக்குக் கோட்டுப்படம் வரைந்து, கனிமங்களுக்கு எண் கொடுத்து, நிற மாற்றத்தைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். வண்ணப்படம் இபப்-பில் இருக்கட்டும்.

அலமாரி 550:

உரிமக் குறிப்பைத் தனிப்பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். காகிதம் மிச்சம் பிடிக்கக் கடையில் முதலில் விடுவது அந்தப் பக்கத்தைத்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரியாக ஓடவிடுங்கள்.