மறு: பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை (வினவல்) முதலில் கொடுத்துவிட்டு, அதில் போகவேண்டிய மதிப்பைப் பின்னால் தனியாக அனுப்பும் முறையைத்தான் ஆங்கிலத்தில் 'பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்' என்கிறார்கள். நம் பயிற்சிக் கையேட்டுக்கு அதன் தமிழ்ப் பெயரைத் தேடுகிறோம். நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் கீழே.

> 'ஆயத்த வினவல்' போதுமே. ஆயத்த ஆடை என்று கடைப்பலகையிலேயே எழுதுகிறோம்.

அந்த ஆயத்த ஆடைதான் எனக்கு இடிக்கிறது, அண்ணா. ஆயத்த ஆடை தைத்து முடிந்தது, வாங்கி அப்படியே உடுத்தலாம். நம் வினவலில் மதிப்பு வரவேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடம்தான் இதில் விஷயமே. பெயரில் அது தெரியாவிட்டால் புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு என்ன பயன்?

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்ன நூலகத்துக்கு உறுப்பினர் தேடும் பக்கத்தை பிஎச்பி என்ற வலைநிரல் மொழியில் எழுதிக் கொடுத்தேன். பயனர் தட்டியதை அப்படியே வினவலோடு ஒட்டவைத்திருந்தேன். முதல் நாளே ஒருவர் டி'குரூஸ் என்று ஆங்கிலத்தில் தேட, பக்கம் பிழைச்செய்தியைக் கக்கிவிட்டு நின்றது. பெயருக்கு நடுவிலிருந்த ஒற்றை மேற்கோள் குறியோடு பெயர் முடிந்தது என்று தரவுத்தளம் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த 'குரூஸ்' அதற்குப் புரியாத கட்டளை. தன் பெயரைத் தட்டிய நல்ல மனிதருக்கே இந்தக் கதி. அதே இடத்தில் ஒரு மேற்கோள் குறியும் 'அல்லது 1=1' (எப்போதும் உண்மையாகிற நிபந்தனை) என்பதற்கான கட்டளையும் தட்டுகிறவன் வந்திருந்தால் மொத்த உறுப்பினர் பட்டியலும் கொட்டியிருக்கும்.

பள்ளியில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' எழுதாதவர் நம்மில் யார்? விடை தப்பாக இருக்கலாம், கிறுக்கலாக இருக்கலாம், ஆனால் கோட்டின் மேல் என்ன எழுதினாலும் கேள்வி மாறாது. என் நிரலில் மாறியது. வினவலை முதலில் தனியாகக் கொடுத்து, மதிப்பு வரும் இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்து, பெயரைப் பின்னால் தனியாக அனுப்பியிருந்தால் டி'குரூஸ் வெறும் விடையாகவே இருந்திருப்பார்.

ஆகவே என் முன்மொழிவு: அந்தக் கேள்விக்குறி நிரப்பிடம், முழு வாக்கியம் நிரப்புவினவல். இது வினைத்தொகை. நிரப்பிய, நிரப்புகிற, நிரப்பும் என்று மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கிறது. ஒரே வினவலை ஒருமுறை கொடுத்துவிட்டு நூறு பெயருக்கு நூறு முறை ஓட்டலாம் என்பதற்கும் பொருந்துகிறது.

> 'முன்தயார் கூற்று' என்றால் ஆங்கிலப் பொருள் அப்படியே வந்துவிடுகிறதே?

வருகிறது. ஆனால் அந்த ஆங்கிலப் பெயரே எல்லா இடத்திலும் உண்மை இல்லை. 2005இல் பிஎச்பி 5.1 உடன் வந்த பிடிஓ (பிஎச்பி தரவுத்தளங்களோடு பேச உதவும் இடைமுகம்), மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசும்போது, நாம் அமைப்பை மாற்றாதவரை, தரவுத்தள வழங்கியில் (சர்வரில்) எதையும் முன்கூட்டித் தயார் செய்வதில்லை. மதிப்பைத் தானே பத்திரமாகப் பொதிந்து முழு வினவலாகத்தான் அனுப்புகிறது. தயாரிப்பு போலி, நிரப்பிடம் மட்டும் நிஜம். அப்புறம், 'கூற்று' என்றதும் எனக்குத் தேர்வில் வரும் கூற்று–காரணம்தான் நினைவுக்கு வருகிறது. பழைய தமிழ் படித்தவர்களுக்கு எமனே வருவான்.

> பக்கத்தின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் பெயர் வேண்டாமா?

வேண்டும் அக்கா, இதைத்தான் நானும் கேட்க இருந்தேன். பல பிஎச்பி பக்கங்களின் நிரலில் அட்டவணையின் ஒரு வரிசையைக் காட்டுவார்கள், நடுவில் ஒரு வினவல், மறுபடி ஒரு வரிசை. பந்தியில் உட்காரவைத்துவிட்டு அடுப்பு மூட்டுகிற கதை. படிவத்தைச் சோதிப்பது, தரவுத்தளத்தோடு இணைவது, நிரப்புவினவலை ஓட்டுவது, கிடைத்ததை ஒரு மாறியில் போடுவது எல்லாம் மேலே முடிய வேண்டும். கீழே எச்டிஎம்எல் (பக்கத்தின் வடிவத்தைச் சொல்லும் குறிகள்), ஒரு மடக்கு (லூப்), அச்சிடும் வரி, அவ்வளவுதான்.

இது வெறும் ஒழுங்குக்காக இல்லை. பதிவைச் சேமித்ததும் பயனரை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் அவர் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது அதே பதிவு இரண்டாம் முறை ஏறும். திருப்பும் செய்தி, பக்கத்துக்கு முன்னால் உலாவிக்குப் போகும் தலைப்பில் (ஹெடர்) போக வேண்டியது. எச்டிஎம்எல் கொஞ்சம் உலாவிக்குப் போய்விட்டாலும், தலைப்பு ஏற்கெனவே போய்விட்டது என்று பிஎச்பி கைவிரித்துவிடும். இலையில் சோறு விழுந்த பிறகு 'பந்தி அடுத்த மண்டபத்தில்' என்று சொல்ல முடியுமா?

அதனால் மேலே ஆக்குபகுதி, கீழே பரிமாறுபகுதி என்று வைக்கலாம். ஆக்குதல் என்றால் உருவாக்குவதும்தான், சோறாக்குவதும்தான். பரிமாறுபகுதியைத் தனிக்கோப்பாகப் பிரித்தால் அதற்கு 'வார்ப்புரு' ஏற்கெனவே இருக்கிறது, தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்குகிறது. அதைத் தொட வேண்டாம்.

நிரப்புவினவலுக்கு எதிராக நானே ஒன்று சொல்லிவிடுகிறேன். அட்டவணையின் பெயரையோ, எந்த நெடுவரிசைப்படி அடுக்குவது என்பதையோ நிரப்பிடத்தில் வைக்க முடியாது. மதிப்பு மட்டுமே போகும். மற்றவற்றை நாமே எழுதிவைத்த பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். சொல்லைக் கேட்டவுடன் எதையும் நிரப்பலாம் என்று தோன்றும் ஆபத்து உண்டு.

இன்னொரு சங்கடம்: தரவுத்தள இணைப்பில் குறியேற்றம் (எழுத்துகளை எண்களாக்கும் முறை) சொல்ல மறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஐந்து கேள்விக்குறியாகப் பதிவாவதும் உண்டு. அதையும் நிரப்பிடம் என்று யாராவது கேட்பார்கள். அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

பயிற்சிக் கையேடு ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன். வராவிட்டால் நிரப்புவினவல் என்று போட்டு, முதலில் வரும் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே 'பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்' என்று தமிழ் எழுத்தில் சேர்த்துவிடுகிறேன். ஆக்குபகுதி பற்றி அக்கா சொன்னால் சரி.