புதுப்பிப்பு: வெள்ளத்துக்குப் பிறகு தூக்கமில்லாமல் தவித்த அம்மா, இப்போது எப்படி இருக்கிறார்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து 74 வயது அம்மா தூங்குவதில்லை, மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலைப் பார்க்கிறார் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, இரவை விட்டுவிட்டு முதலில் காலையைச் சரிசெய்யுங்கள் என்று ஒரு அக்கா சொன்ன யோசனைதான். எப்போது தூங்கியிருந்தாலும் 5.30க்கு எழுப்பி, வாசல் தெளித்துக் கோலம், அப்புறம் அரை மணி நேரம் மொட்டைமாடி வெயில், ஏனென்றால் காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைச் சரியாக வைக்கிறது. மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் கிடையாது. முதல் வாரம் எதுவும் மாறவில்லை, அப்பா சலித்துக்கொண்டார். மூன்றாம் வாரம் இரவு பத்து மணிக்குப் படுத்த அம்மா நாலு மணி வரை தூங்கினார்.

டிவி செய்தியை அடியோடு நிறுத்துவது சரிவரவில்லை, தெரியாமல் இருப்பதுதான் அவருக்கு அதிக பயம். சரி, இரவு 7 மணிக்கு ஒரு தடவை வானிலை அறிக்கை என்று வைத்துக்கொண்டோம்.

எதிர்பாராதது: பத்திரம், ரேஷன் கார்டு, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வைக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் இறக்கி, ஒவ்வொன்றாகத் துடைத்து, எண்ணித் திரும்ப வைக்கிறார். அதன்பிறகுதான் மழை இரவுகளிலும் படுக்கிறார்.

முட்டிவலி இருப்பவர்களுக்கு: அம்மா குட்டி முக்காலியில் உட்கார்ந்துதான் கோலம் போடுகிறார்.