மாமனாருக்க காரும் குவாட்டர் கணக்கும்

தக்கலைக்காரன்:
வில்லுக்குறி தாண்டி சானல் சுவர்ல மாமனாருக்க காரைக் கொண்டு இடிச்சேன். கல்யாண வீட்டுல அடிச்சிட்டு வந்த ராத்திரி. நெத்தியில 7 தையல். மறுநாள் கட்டு மாத்த வந்த சிஸ்டர், "அண்ணா, குடியப்பத்தி பத்து நிமிஷம் பேசலாமா? வேண்டாம்னா விட்டிருதேன்"ன்னாங்க. ஏச்சு வாங்கத் தயாராத்தான் கிடந்தேன். இப்படிக் கேப்பாங்கன்னு நினைக்கல.

மொதல்ல பத்து கேள்வி. உலக சுகாதார நிறுவனத்துக்க 'ஆடிட்' கேள்வித்தாளாம். 40க்கு எனக்கு 17. 8 வந்தாலே கவனிக்கணும், 20 வந்தா வெறும் பேச்சு போதாதுன்னாங்க.

பிறவு, "குடியக் குறைக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 10க்கு எத்தன?"
"4."
ஏன் 10 இல்லன்னு பிடிப்பாங்கன்னு பாத்தா, "ஏன் 1 போடல?"ன்னு கேட்டாங்க. முழிச்சேன். "மாமனாருக்க கார், சிஸ்டர்." சிரிச்சிட்டாங்க. "சரி, அது ஒண்ணு. வேற?" வேற சொன்னத இங்க எழுத மனசில்ல.

சிஸ்டர் சொன்ன குவாட்டர் கணக்குதான் உறைச்சது. 180 மில்லி பிராந்தியில சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். உடம்பு 10 கிராமக் கரைக்கவே ஒரு மணி நேரம்போல ஆவும். ராத்திரி 11க்குக் குடிச்சு முடிச்சவன் விடியக்கால 4 மணிக்கு வண்டி எடுத்தா, அப்பவும் ரத்தத்துல கிடக்கும். மோரு, கட்டன்காப்பி, குளியல் எதுவும் அத வேகப்படுத்தாது. நானும் இத்தன வருஷம் மோர நம்பியிருந்தேன்!

ஓ.பி. சீட்டுக்குப் பின்னால நானே எழுதினேன்: சாவி கையில இருந்தா சொட்டு கிடையாது; சனிக்கிழம மட்டும், 90 மில்லிக்கு மேல இல்ல. கோட்டார் திருவிழாவுல ரெண்டாவத மீறிட்டேன். ஆனா வீட்டுக்குப் பஸ்சுலதான் வந்தேன். ஒரு மாசம் கழிச்சு சிஸ்டர் போன் பண்ணினப்போ அதயும் சொன்னேன். "சாவி விஷயத்த மீறலியே அண்ணா"ன்னாங்க.

குலசேகரத்துக்காரி:
எங்க வீட்டுல கதை வேற. அவரு ரப்பர் பால்வெட்டுக்குப் போறவரு, காலம்பற ஒரு வாய் போடலேன்னா கை நடுங்கும். டெம்போவக் கவுத்த பயத்துல ஒரே நாள்ல நிறுத்தினாரு. மூணாம் நாள் சுவர்ல எறும்பு ஊருதுன்னு துடைச்சுக்கிட்டே இருந்தாரு, பிறவு வலிப்பு. கை நடுங்குற ஆளுங்கள வீட்டுல வச்சு நிறுத்தப் பாக்காதீங்க, டாக்டரப் பாத்துத்தான் நிறுத்தணும். போன்ல பேசணும்னா அரசாங்கத்துக்க மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசுவாங்க.

வார்டு வேலைக்காரி:
அக்கா சொன்னது சரி. அமெரிக்காவுல சியாட்டில்ல அடிபட்டு வந்தவங்ககிட்ட அந்த சிஸ்டர் பேசின மாதிரிப் பேசிப் பாத்த ஆய்வு 1999ல வந்துச்சு. ஒரு வருஷத்துல வாரத்துக்கு ஏறக்குறைய 22 டிரிங்க் (அவங்க கணக்குல ஒண்ணுக்கு சுமார் 14 கிராம் ஆல்கஹால்) குறைஞ்சிருந்துது, பேசாத கூட்டத்துல 7தான். நல்லாப் பலன் குடுத்தது நடுத்தரமாக் குடிக்கிறவங்களுக்கு. அடிபட்ட சூட்டோட பேசணும், தையல் பிரிச்சிட்டா ஆளு பிடி குடுக்க மாட்டாரு.

தக்கலைக்காரன்:
கார் வொர்க்‌ஷாப்புல இருந்து வந்தாச்சு. சாவி இன்னும் மாமனாருக்க மடியிலதான்.