புதுப்பிப்பு: வால்வு ஆம்ப்ளிஃபயரில் படிநிலை வால்யூம் கண்ட்ரோல்

என் வால்வு ஆம்ப்ளிஃபயரில் (வெற்றிடக் குழாய்களைக் கொண்டு ஒலியைப் பெருக்கும் கருவி) ஒலியைக் குறைத்து வைக்கும்போது இடது பக்க ஸ்பீக்கர் மட்டும் அடங்கிப்போகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பழைய 100 கிலோ ஓம் கார்பன் பொட்டென்ஷியோமீட்டரை (ஒலியைக் கூட்டிக் குறைக்கத் திருகும் மின்தடை) எடுத்துவிட்டு, 1 சதவீதத் துல்லியமுள்ள மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களுடன் (நிலையான மின்தடைகள்) 24 நிலைச் சுழல் சுவிட்சைப் பொருத்தியதும் அக்குறை நீங்கியது. ஆனால், முதலில் வாங்கிய சுவிட்ச் அடுத்த முனையைத் தொடுவதற்கு முன்பே பழையதை விட்டுவிடும் வகை என்பதால், ஒவ்வொரு படியிலும் வால்வின் கிரிட் (ஒலிச் சிக்னல் நுழையும் முனை) ஒரு கணம் எதனுடனும் இணையாமல் நின்று, ஸ்பீக்கரில் ‘டப்’ என்ற சத்தம் எழுந்தது. கிரிட்டிலிருந்து கிரவுண்டுக்கு (சுற்றின் பூஜ்ய மின்னழுத்தப் புள்ளி) 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இணைத்ததும் அது குறைந்ததே தவிர மறையவில்லை. அடுத்ததைத் தொட்ட பின்பே பழையதை விடும் சுவிட்சுக்கு மாறிய பிறகுதான் அடங்கியது. (மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும், அதை வடித்த பிறகே கை வைத்தேன்.) இந்தச் சுவிட்சில் படிக்கு 2 டெசிபல் (ஒலி அளவின் அலகு) என்பது, மெல்லிய ஒலியில் கேட்கும்போது, சற்றுப் பெரிய தாவலாகவே எனக்குப் படுகிறது.