பிட் கேஸில் எழுதி வாங்கும் கடிதம்: உங்கள் அனுபவம்?

பாம்பன் டீச்சர்:
அரையாண்டுத் தேர்வில் பெஞ்சுக்கு அடியில் ஒரு பிட் கிடந்தது. பக்கத்தில் இருந்த மூன்று பையன்களிடமும் எழுதி வாங்கிவிட்டார்கள். வகுப்பாசிரியை என்பதால் கடிதங்கள் என் மேசைக்கு வந்தன. மூன்றிலும் ஒரே வாசகம்: "மேற்படி துண்டுச்சீட்டினை நான் தேர்வுக்கூடத்திற்குள் எடுத்துச் சென்றேன் என்பதை இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்." ஒரே பிட்டை மூன்று பேர் எப்படி எடுத்துப் போவார்கள் என்று யாரும் கேட்கவில்லை! அதில் ஒருவனின் லீவ் லெட்டர் என்னிடம் இருந்தது: "அப்பா கூட கரவல இளுக்க போனேன் டீச்சர் அதான் வரல." ழகரமே வராத பிள்ளை 'மேற்படி' போட்டு எழுதுவானா? கூப்பிட்டுக் கேட்டேன். "சார் சொல்லச் சொல்ல எழுதினோம்" என்றான்.

ஹெச்.எம். அம்மாவிடம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மூவரையும் தனித்தனியாக உட்கார வைத்து மறுபடி எழுதச் சொன்னார். இரண்டு பேருக்கு அந்தச் சீட்டில் என்ன பாடம் இருந்தது என்பதே தெரியவில்லை. மூன்றாமவன் ஒப்புக்கொண்டான், அவன் பாஷையில்: "பயத்துல வச்சேன், எடுத்து பாக்கல."

தொண்டிக்காரன்:
லண்டன் டெரிக் பென்ட்லி வழக்கும் இப்படித்தான். கொலை வழக்கில் 1953ல் தூக்கிலிட்டார்கள். வயது 19, சரியாக எழுதப் படிக்கத் தெரியாது. அவர் தானாகச் சொன்னதாகப் போலீஸ் கொடுத்த வாக்குமூலத்தில், 'பிறகு நான்' என்று வர வேண்டிய இடங்களில் 'நான் பிறகு' என்று இருந்தது. அது போலீஸ்காரர்கள் எழுதும் நடை என்று மொழியியலாளர் மால்கம் கூல்தார்ட் எடுத்துக் காட்டினார். 1998ல் தீர்ப்பு ரத்து.

கீழக்கரை அக்கா:
தம்பி, அது ரத்தானதற்கு முக்கியக் காரணம் விசாரணை நீதிபதி ஜூரிக்கு ஒருதலையாக எடுத்துச் சொன்ன விதம். மொழியை மட்டும் வைத்து இல்லை.

எங்கள் கல்லூரியில் நடந்தது வேறு மாதிரி. மண்டபம் கடற்பாசி வளர்ப்பு பற்றி இரண்டு பெண்கள் அசைன்மென்ட் கொடுத்தார்கள். கப்பாபைகஸ் என்ற பாசி வகை, அதை வளர்க்கும் மூங்கில் மிதவை எல்லாம் இரண்டிலும் வருவது சகஜம். ஆனால் ஒரு நீள வாக்கியம் எழுத்துக்கு எழுத்து ஒன்று, 'மிதைவை' என்ற பிழை உட்பட. ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி எழுதிவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். விசாரித்தால், இரண்டு பேரும் ஒரு சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒருத்திக்கு மற்றவள் விஷயமே தெரியாது. ஒன்றுபோல் இருக்கிறது, சரி. எங்கிருந்து எங்கே போனது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. இருவரையும் திரும்ப எழுதச் சொன்னதோடு விட்டோம்.

டீச்சர், அந்தப் பழைய கடிதங்களை என்ன செய்தீர்கள்?

பாம்பன் டீச்சர்:
கிழிக்கத்தான் பார்த்தார்கள், நான் விடவில்லை. புதுசோடு சேர்த்துப் பின் அடித்து ஃபைலில் இருக்கிறது.